வெள்ளை மை காலை வாரும்போது: துணிக்கேற்ற மையும் பிழை நீக்கும் வழியும்

புரட்டாசி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் பட்டறையில் சிவப்பு பனியன்கள் குவியத் தொடங்கிவிடும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஊருக்கு ஊர் செட் கட்டிக்கொண்டு போகிறவர்கள், குழுவின் பெயரையும் ஊர்ப்பெயரையும் சிவப்பின் மேல் வெள்ளையில் கேட்பார்கள். "வெள்ளைதானே அண்ணாச்சி, சட்டென்று அடித்துக் கொடுங்கள்" என்பார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் துணியில் இறக்கும் வேலை, செய்கிறவன் சட்டென்று அடிக்கத் தயங்குகிற நிறம் ஒன்று உண்டென்றால் அது அந்த வெள்ளைதான்.

வெள்ளைத் துணியில் கறுப்பு மை கொஞ்சம் மெலிதாக விழுந்தாலும் கறுப்பாகவே தெரியும். இருண்ட துணியில் விழுகிற வெள்ளை, அடியில் உள்ள நிறத்தை முழுதாக மூடினால்தான் வெள்ளை. மூடுகிற வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி. அதை அள்ளிப் போட வேண்டியிருப்பதால் வெள்ளை மை மற்ற நிறங்களைவிடக் கெட்டியாக இருக்கும், இழுக்கவும் கடினம். துணியில் ஒளிந்திருக்கும் சாயம், கஞ்சி, மெழுகு, எண்ணெய் எல்லாவற்றையும் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். ஆகவே கடையில் போய் "நல்ல வெள்ளை மை கொடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. எந்தத் துணிக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு முதலில் துணி என்னவென்று நமக்குத் தெரிய வேண்டும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன்: ஒரு நூல், ஒரு சொட்டு

துணி விற்றவர் சொல்வதை நம்பி மை குழைத்து நான் நஷ்டப்பட்டது ஒரு முறை இரண்டு முறை அல்ல. இப்போது எந்தத் துணி வந்தாலும் இரண்டு சோதனைகள் செய்யாமல் டப்பாவைத் திறப்பதில்லை.

முதலாவது, நூலை எரிப்பது. உள்பக்கத் தையல் ஓரத்திலிருந்து துணியின் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, மையும் தின்னரும் இல்லாத இடத்தில் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும். மிஞ்சுகிற சாம்பல் ஊதினால் பறக்கும். பாலியஸ்டர் என்றால் நுனி சுருண்டு உருகும், கரும்புகை வரும், ஆறியபின் கடுகு போல ஒரு கெட்டி மணி நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் இருக்கும், அதற்குள் நெருடுகிற மணியும் இருக்கும். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. இதில் ஒரு கண்ணி உண்டு: சுத்தமான பருத்தி பனியனைக்கூட பாலியஸ்டர் நூலால்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள். தையல் நூலை உருவி எரித்துவிட்டு "இது பாலியஸ்டர்" என்று முடிவுகட்டி, பருத்திக்குத் தேவையே இல்லாத மையை வாங்கிவந்தவன் நான். உருவ வேண்டியது துணியின் இழையை.

இரண்டாவது, ஒரு சொட்டுத் தண்ணீர். துணியின் மேல் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. சேம்பிலையில் விட்டதுபோல உருண்டு நின்றால் அதன் மேல் மெழுகோ, கஞ்சியோ, நீர் ஒட்டாத பூச்சோ இருக்கிறது என்று பொருள்.

கடையில் எதைக் கேட்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரில் கரைக்கும் வகையில் இரண்டு: ஹோசியரி பனியனுக்கு இழுபடும் 'ரப்பர் வெள்ளை', நெய்த துணிக்கும் பைக்கும் 'காதி' என்று கேட்டால் கிடைக்கும் அடர்வெள்ளை. பெயரைப் பார்த்து அது கதருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிசால் என்பது பிவிசி பொடியை எண்ணெய் போன்ற இளக்கியில் குழைத்தது. சூடு காட்டும்வரை காயவே காயாது. பாலியஸ்டருக்கு அதிலேயே சாயம் ஏறாத 'லோ பிளீட்' வெள்ளை தனியாக உண்டு. டிஸ்சார்ஜ் என்பது துணியின் சாயத்தைப் பறிப்பது. நைலானுக்கும் நெய்யாத பைக்கும் தனித்தனி மைகள். இனி நோய்க்கு வருவோம்.

வெள்ளை சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது

கறுப்புப் பருத்தி பனியனில் அடித்ததும் வெள்ளையாக இருக்கிறது. காய்ந்தபின் பார்த்தால் திருநீறு கலைந்த நெற்றி மாதிரி தெரிகிறது. இதைப் பார்த்ததும் எல்லோரும் செய்கிற காரியம், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியை இன்னும் பலமாக அழுத்தி இழுப்பது. நோயே அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது.

வெள்ளை, துணியின் மேல் உட்கார வேண்டும். உள்ளே இறங்கக் கூடாது. அழுத்த அழுத்த மை இழைகளுக்கு நடுவே இறங்கி, துணியின் பின்பக்கம் போய்ச் சேரும். பனியனைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத்தில் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் உங்கள் வெள்ளை எங்கே போனது என்பது விளங்கிவிடும்.

சரிசெய்ய வேண்டியவை இவை. மெஷ்ஷை, அதாவது ஸ்கிரீனின் வலையைப் பாருங்கள்: மெல்லிய கோட்டு வேலைக்கு வைத்திருக்கும் 77 டி (சென்டிமீட்டருக்கு 77 இழை) ஸ்கிரீனிலேயே வெள்ளையையும் இழுத்தால் போதிய மை இறங்காது. இருண்ட துணிக்கு அங்குலத்துக்கு 110 இழை, அதாவது 43 டி, எடுங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் 61 டி வரை போகலாம். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு நாணயத்தை அடுக்கிய உயரம், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும். ஸ்க்வீஜி கடந்தவுடன் மெஷ் துணியைவிட்டுத் தானாக எழும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் மை கிழிபடும். பிளாஸ்டிசால் என்றால் டப்பாவில் இறுகிக் கிடக்கும் மையை முதலில் கரண்டியால் நன்றாகக் கிண்டுங்கள். கிண்டக் கிண்ட இளகும் குணம் அதற்கு உண்டு. இளகவில்லையே என்று மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றிவிடாதீர்கள். பிறகு ஆற்றினாலும் ஆறாது, வாட்டினாலும் ஒட்டாது.

இதெல்லாம் செய்தும் ஒரே இழுப்பில் வெள்ளை வராது. ஓர் இழுப்பு, மேலே சூடு காட்டித் தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஓர் அரைக்காய்ச்சல், பிறகு அதே இடத்தில் இரண்டாம் இழுப்பு. பட்டறைகளில் இந்த நடுச் சூட்டை ஃபிளாஷ் என்பார்கள். மெல்லிய இரண்டு பூச்சு தருகிற வெண்மையைத் தடித்த ஒரு பூச்சு தராது.

வெள்ளை நன்றாக விழுந்தும் மேற்பரப்பு புசுபுசுவென்று, கறுப்புப் பஞ்சு எட்டிப் பார்க்கிறதா? அது மையின் பிழை அல்ல. மலிவான பனியனின் முடி. முதல் பூச்சுக்கும் ஃபிளாஷுக்கும் பிறகு சிலிக்கான் பூசிய தாளை வைத்து ஹீட் பிரஸ்ஸில் சில விநாடிகள் அழுத்துங்கள், முடி படுத்துவிடும். அடுத்த முறை நொதியால் முடி நீக்கிய, பயோ வாஷ் செய்த பனியன் கேட்டு வாங்குங்கள்.

காலையில் வெள்ளை, மூன்றாம் நாள் ரோஸ்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்செந்தூர் சாலையில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு தசரா குழு, அறுபது சிவப்பு பனியன்களைத் தாங்களே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். விற்ற கடையில் காட்டன் என்று சொல்லியிருந்தார்கள். கைக்கும் மெத்தென்றுதான் இருந்தது. சாதாரண பிளாஸ்டிசால் வெள்ளையில் இரண்டு பூச்சு அடித்து, 160 டிகிரியில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் அடுக்கி, அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பும்போது எழுத்து பால் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. "அண்ணாச்சி, எங்கள் ஊர்ப்பெயர் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. பையன்கள் போட மாட்டேன் என்கிறார்கள்." போய்ப் பார்த்தேன். மேலே இருந்த பனியனில் இளம் ரோஸ். அடுக்கின் நடுவில் இருந்தவற்றில் செம்பருத்திச் சாறு கலந்ததுபோல நல்ல ரோஸ். ஓர் இழையை உருவி எரித்தேன். கெட்டி மணி. முழுப் பாலியஸ்டர்.

நடந்தது இது. பாலியஸ்டருக்குப் போடுகிற சாயம், நூலோடு வேதியியல் பிணைப்பில் இருப்பதில்லை. சூட்டில் நூலுக்குள் புகுத்தப்பட்டு அங்கேயே தங்கியிருக்கிறது. மீண்டும் சூடு கண்டால் ஆவியாக வெளியே கிளம்பும். பிளாஸ்டிசாலில் இருக்கும் இளக்கி அதை வரவேற்று மைக்குள் உட்கார வைத்துவிடும். அடித்த உடனே தெரியாது; மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அடுக்கின் நடுவில் இருந்தவை அதிகம் சிவந்ததற்கும் இதே காரணம்: அங்கே சூடு ஆறவே இல்லை. சிவப்பும் மெரூனும் இதில் மோசம். கபடிக் குழுக்களின் ஜெர்சிகளில் படமே சாயத்தால் ஏற்றப்பட்ட சப்ளிமேஷன் வகை அதைவிட மோசம்.

மருந்து மூன்று அடுக்காக இருக்கிறது. சாதாரணச் சிவப்பு, நீலப் பாலியஸ்டருக்கு லோ பிளீட் வெள்ளை. அதிலும் 130 டிகிரி அளவிலேயே முழுதாக வாட்டிவிடக்கூடிய வகை கிடைத்தால் அதை எடுங்கள், சூடு குறையும் அளவுக்குச் சாயம் கிளம்புவதும் குறையும். சப்ளிமேஷன் ஜெர்சிக்கு அதுவும் போதாது: முதலில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சு, ஃபிளாஷ், அதன் மேல் வெள்ளை. சாம்பலா என்று முகம் சுளிக்காதீர்கள், மேலே வரும் வெள்ளை அதை மூடிவிடும். மூன்றாவது மருந்துக்குக் காசு இல்லை: அடித்தவற்றை ஆறவிட்டு அடுக்குங்கள். கொடியில் போடுங்கள், மேசையில் பரப்புங்கள், கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்வரை பெட்டிக்குள் போடாதீர்கள்.

லோ பிளீட் வெள்ளை நல்லதாயிற்றே என்று பருத்திக்கும் அதையே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வகைகள் பலவற்றில் சாயத்தை வெளுக்கும் பொருள் கலந்திருக்கும். சூட்டோடு அடுக்கினால், ஒரு பனியனின் எழுத்து மேலே கிடக்கும் பனியனின் முதுகில் மங்கலான நிழலாகப் பதியும். கழுவினால் போகாது. பருத்திக்குப் பருத்தி வெள்ளை.

புதுப் பாலியஸ்டர் வந்தால் ஒரே ஒரு துண்டை அடித்து, வாட்டி, மடித்து, மேலே கனம் வைத்து இரண்டு நாள் வெயில்படும் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார். அந்த அறுபது பனியனுக்கும் நான் என் காசில் மாற்று வாங்கிக் கொடுத்த கதையை அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

துவைத்ததும் வெடிக்கிறது, உரிகிறது

எழுத்தை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுங்கள். வயல் வெடிப்புபோல விரிசல் விட்டால் மை முழுதாக வேகவில்லை. பிளாஸ்டிசால் மேலே மட்டும் அல்ல, அடிவரை 160 டிகிரியைத் தொட வேண்டும். வாட்டும் இயந்திரத்தில் 160 என்று வைத்துவிட்டால் மையும் 160 ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம்; தடித்த துணி, ஈரத் துணி, காற்றாடி வீசுகிற அறை எல்லாம் சூட்டைத் தின்னும். துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, துணி வெளியே வரும் இடத்தில் மையின் மேலேயே பிடித்துப் பாருங்கள். ஹீட் கன்னைச் சுற்றிச் சுற்றிக் காட்டி வாட்டுகிறவர்களிடம்தான் இந்தப் புகார் அதிகம். ஓரிடம் கருகும், ஓரிடம் பச்சையாக நிற்கும்.

ரப்பர், காதி வகைகளில் கதை வேறு. தண்ணீர் முழுதும் போனபிறகுதான் அதன் பசை பிணையத் தொடங்கும். 150 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொடுங்கள். வாட்டும் வசதி இல்லாதவர்கள் மையைத் துணியில் பிணைக்கும் ஃபிக்ஸர் கலந்து, நிழலில் காயவைத்து, சில நாள் கழித்துத்தான் துவைக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஃபிக்ஸர் கலந்த மை மறுநாளுக்கு உதவாது, அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும்.

மேல் பூச்சு மட்டும் தோல் உரிவதுபோல வருகிறது, அடிப்பூச்சு உறுதியாக நிற்கிறது என்றால் ஃபிளாஷ் அதிகமாகிவிட்டது. அடிப்பூச்சு முழுதாக வெந்துவிட்டால் அடுத்தது அதோடு ஒட்டாது. விரலில் ஒட்டாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கைத்தறித் துண்டிலும் மஞ்சப்பையிலும் மை நிற்கவில்லை

வீரவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துத் தறித் துணிகள் கைக்கு மொடமொடவென்று வரும்போது அதில் கஞ்சி இருக்கிறது. மை கஞ்சியின் மேல் பிடிக்கும். கஞ்சி முதல் துவைப்பில் கரையும். மையும் கூடவே போகும். மையைத் திட்டிப் பயன் இல்லை. பொன்னாடையாகப் போர்த்துகிற துண்டு என்றால் பெரிதாகத் துவைக்கப்போவதில்லை, அப்படியே அடித்துவிடலாம். தோளில் போட்டு உழைக்கிற துண்டென்றால் வெந்நீரில் அலசி, கஞ்சி போக்கி, காயவைத்து அடியுங்கள்.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபிறகு கல்யாணத் தாம்பூலப்பை வேலை துணிக்குத் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் வெளுக்காத காடாத் துணியில் சாயம் ஏற்றிய பைகள். காடாவில் பஞ்சின் மெழுகு அப்படியே இருக்கும், சொட்டுத் தண்ணீர் உருண்டு நிற்கும். இதற்கு காதி வெள்ளையும் 43 டி மெஷ்ஷும், அடிக்குமுன் ஒரு முறை சூடான இஸ்திரிப் பெட்டியும் போதும். மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து கேட்கிறவர்களிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன். எவ்வளவு நன்றாக அடித்தாலும் மாலை வெளிச்சத்தில் மணமகன் பெயர் தெரியாது. மெரூன் அல்லது கரும்பச்சைப் பையை எடுத்துக் காட்டினால் பெண்வீட்டார் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். (பத்தமடையில் பாயிலேயே மணமக்கள் பெயரை நெய்து கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மெஷ் கவலையும் இல்லை, சாயம் ஏறும் கவலையும் இல்லை.)

டிஸ்சார்ஜ் வெள்ளை திட்டுத்திட்டாக இருக்கிறது

கையில் தடவினால் அச்சே தெரியாத மென்மை டிஸ்சார்ஜில் மட்டும்தான் கிடைக்கும். ஆனால் அது பருத்திக்குத்தான், அதிலும் எல்லாச் சாயத்துக்கும் அல்ல. பருத்தி இழையோடு வேதியியலாகப் பிணையும் ரியாக்டிவ் சாயம் ஏற்றிய கறுப்பிலும் நீலக்கறுப்பிலும் நன்றாக வெளுக்கும். டர்க்காய்ஸ், ராயல் நீலம் போன்றவை அசைந்துகொடுக்காது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு கறுப்பு பனியன்கள் இரண்டு விதமாக வெளுத்து, ஒன்று தந்தநிறத்திலும் ஒன்று செம்பழுப்பிலும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கலப்புத் துணியில் பருத்தி இழை வெளுத்து, பாலியஸ்டர் இழை அப்படியே நிற்பதால் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை, துணியை மாற்றுங்கள். வாட்டும்போது வரும் வாடையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் உடைக்கு இதைத் தொட வேண்டாம். அடித்த துணியை ஒரு முறை அலசித்தான் கொடுக்க வேண்டும்.

நைலானில் நகம் பட்டாலே பெயர்கிறது

குற்றாலம் சீசன் நேரத்தில் குடையும் மழைச்சட்டையும் வரும். நீர் ஒட்டாத பூச்சு இருக்கும் துணியில் மை மட்டும் எப்படி ஒட்டும்? அடிக்கும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். நைலானுக்கான பிணைப்பியை அதன் டப்பாவில் சொல்லியிருக்கும் அளவுக்கே மையில் கலந்து, சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிடுங்கள்; பிறகு டப்பாவிலேயே இறுகும். சூடு கூடினால் துணி சுருங்கும், 130 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஒரு நாள் கழித்து செலோடேப்பை எழுத்தின் மேல் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் வெள்ளை வந்தால் துடைத்தது போதவில்லை.

நெய்யாத பையைப் பற்றி இரண்டே வரி. அது பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிசாலை வேகவைக்கும் சூட்டில் பையே உருகிவிடும். காற்றில் காயும் தனி மை வேண்டும். கைப்பையாக விநியோகிக்கத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையும் இருப்பதால், அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

பாதி வேலையில் ஸ்கிரீன் அடைத்துக்கொள்கிறது

நீரில் கரையும் வெள்ளைக்கு எங்கள் வெயில் ஆகாது. சித்திரை, வைகாசியில் பத்து துண்டு அடிப்பதற்குள் எழுத்தின் ஓரங்கள் மறைய ஆரம்பிக்கும். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் மையை மெஷ்ஷின் மேல் மெல்லப் பரப்பி மூடிவையுங்கள். மூடிய மெஷ் காயாது. மையில் கொஞ்சம் ரிடார்டர், அதாவது காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள், கலக்கலாம். காற்றாடியை ஸ்கிரீனுக்கு நேராக வைக்கக் கூடாது. நெசவுக்காரர் போல அதிகாலையில் வேலையைத் தொடங்கி, பதினோரு மணிக்குள் வெள்ளையை முடித்துவிடுவது என் வழக்கம். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: எழுத்தைப் பதிக்க ஸ்கிரீனில் பூசிய, ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் காயவே காயாது, எக்ஸ்போஸ் செய்தபின் (ஒளி காட்டியபின்) கழுவினால் எழுத்தோடு சேர்ந்து கரைந்துவிடும். மூடிய அறையில் ஒரு பல்பு எரியவிட்டு அங்கே காயவைப்பார்கள். மஞ்சள் பல்பாக இருக்க வேண்டும், வேறு வெளிச்சம் எமல்ஷனை முன்கூட்டியே இறுக்கிவிடும்.

அடைத்துவிட்டால் ஈரத் துணியால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தேயுங்கள். ஊசியால் குத்தி எடுக்க முயன்றால் மெஷ் கிழியும். வேலை முடிந்ததும் ஸ்கிரீனில் மிஞ்சிய மையை அட்டையால் வழித்து டப்பாவில் சேர்த்துவிட்டு, பிறகுதான் கழுவப் போகவும். எங்கள் தெருக் கழிவுநீர் கடைசியில் பாளையங்கால்வாயில்தான் கலக்கிறது. அந்தத் தண்ணீரில் வெள்ளை மிதப்பதை ஒரு முறை பார்த்தபிறகு வழித்தெடுக்கும் அட்டையைக் குழாயடியிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.